கல்லுக்குத் தெரியும்

ஜூலை 3

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். கடிதம் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள், அதனால் எழுதுகிறேன். உங்கள் கழுத்துவலி எப்படி இருக்கிறது? இன்னும் அந்தப் பட்டையைக் கட்டிக்கொண்டுதான் வேலை பார்க்கிறீர்களா?

இப்போது இரவு பதினொன்றரை. அம்மா ரொட்டி ஆலைக்கு ராத்திரி ஷிப்டுக்குப் போய்விட்டார். அப்பா முன்னறையில் டி.வி. பார்க்கிறார். நான் போர்வைக்குள் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எழுதுகிறேன். அப்பாவின் நாற்காலி கிறீச்சிட்டால் அணைத்துவிடுவேன். எழுத்து நடுவில் கோணினால் அதுதான் காரணம்.

ஏப்ரலில் நடந்ததை அம்மா உங்களிடம் போனில் பாதிதான் சொல்லியிருப்பார். கற்களை அடுக்கி வைத்து விற்கும் கல் முற்றத்தில் அப்பாவின் கிரேன் தூக்கிய கல் வடத்திலிருந்து நழுவிவிட்டது. கீழே நின்று சைகை காட்டுகிறவர் கை மாமா. அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. விசாரணை முடியும்வரை அப்பாவை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். "விசாரணை முடியறவரைக்கும் இந்த வீட்டு வார்த்தை ஒண்ணுகூட வெளிய போகக் கூடாது" என்றார் அப்பா. போனை அவர்தான் வைத்திருக்கிறார். நீங்கள் கூப்பிட்டால் அவர் எடுக்காததும் அதனால்தான். உங்கள் மேல் கோபம் இல்லை.

நான் எழுதுவது வேறு விஷயத்துக்காக. அப்பா தினமும் ஒரே மாதிரி டாக்குமென்டரிதான் பார்க்கிறார். ஆதி காலத்தில் வேற்றுக் கிரகத்திலிருந்து ஆட்கள் வந்து, பெரிய பெரிய கற்களைத் தூக்கிக் கோட்டைகளும் கோபுரங்களும் கட்டிக்கொடுத்தார்கள் என்று சொல்கிற நிகழ்ச்சிகள். முதலில் சும்மாதான் பார்த்தார். இப்போது நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டு பார்க்கிறார். நீங்கள் இப்படிப்பட்ட படங்களுக்குத்தானே தமிழில் வசனம் எழுதுகிறீர்கள்? அதெல்லாம் உண்மையா என்று உங்களுக்குத் தெரிந்திருக்குமே. சொல்லுங்கள்.

பதிலைப் பள்ளிக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடை முகவரிக்கு அனுப்புங்கள். அந்த அக்கா வாங்கி வைப்பார். வீட்டுக்கு அனுப்பவே கூடாது.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்


ஜூலை 15

அன்புள்ள ரேடியோவுக்கு,

என் கழுத்துவலி என்னைவிடச் சுறுசுறுப்பாக இருக்கிறது. காலையில் எனக்கு முன்னால் எழுந்துவிடுகிறது. நீ எப்படி இருக்கிறாய்? ஒழுங்காகச் சாப்பிடு. டார்ச்சை வாயில் கவ்வாதே, பல் கோணிவிடும்.

முதலில் ஒரு கேள்வி. யார் இந்த "அண்ணன் மகள்"? மூன்று வயதில் பேச ஆரம்பித்து இன்றுவரை வாய் மூடாத ஒரு பெண்ணுக்கு உன் அப்பா ரேடியோ என்று பேர் வைத்தார். எனக்கு அவளைத்தான் தெரியும். அடுத்த கடிதத்தில் அவள் கையெழுத்துப் போடட்டும்.

என் வேலையைப் பற்றிக் கேட்டாய். படத்தில் ஒருவர் வாயைத் திறக்கும்போது தமிழும் திறக்க வேண்டும், அவர் மூடும்போது மூட வேண்டும். நடுவில் அர்த்தமும் இருந்தால் புண்ணியம். ஒரு நாளைக்கு இருபது நிமிடப் படம் முடித்தாக வேண்டும். காலையில் திமிங்கிலம், மத்தியானம் எரிமலை, சாயங்காலம் வேற்றுக் கிரகம். உண்மையா பொய்யா என்று பார்க்க எனக்கு நேரம் கொடுத்ததில்லை. நானும் கேட்டதில்லை.

அண்ணனைப் பற்றிக் கவலைப்படாதே. வாழ்நாளெல்லாம் கல் தூக்கியவர், கல்லைப் பற்றிப் பார்க்கிறார். தையல்காரர் துணிக்கடை வாசலில் நிற்பதில்லையா, அது மாதிரிதான். எந்த நிகழ்ச்சி என்று மட்டும் எழுது. எங்கள் ஸ்டூடியோவில் செய்ததா என்று பார்க்கிறேன்.

கை மாமாவை எனக்காக விசாரி.

அன்புடன்,
அத்தை


ஜூலை 29

அன்புள்ள அத்தைக்கு,

நான் நலம். பல்லும் நலம். டார்ச்சை இப்போது காதுக்கும் தலையணைக்கும் நடுவில் வைத்திருக்கிறேன்.

நிகழ்ச்சியின் பேர் தெரியவில்லை. தொடங்கும்போது நான் தூங்குவது மாதிரி படுத்திருப்பேன். அதில் முக்கியமானவர் சட்டையெல்லாம் பை வைத்த ஒல்லி ஆள். அம்மா அவரைப் பைச்சட்டை என்பார். ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் இருந்தபோது ஒரு சண்டை நடந்தது.

"அவ்வளவு தூரத்துல இருந்து வந்து கல்லா தூக்கினாங்க? வந்தது வந்தாங்க, ஒரு தண்ணிக் குழாயாவது போட்டுக் குடுத்துட்டுப் போயிருக்கலாம்ல?" என்று அம்மா கேட்டார்.

"சிரிக்காதே. பதினெட்டு வருஷம் இருபது டன் தூக்கினவன் நான். அது எண்ணூறு டன். மனுஷன் தூக்கினான்னு என்கிட்ட சொல்லாதே."

"சரி, அவங்கதான் தூக்கினாங்கன்னே வெச்சுக்குவோம். அதுல உங்களுக்கு என்ன?"

அப்பா சொன்னார்: "அவங்க கயிறு இல்லாமத் தூக்கினாங்க. கயிறே இல்லேன்னா நழுவறதுக்கு என்ன இருக்கு?"

அம்மா உள்ளே போய், ஏற்கனவே கழுவிய தட்டுகளை இன்னொரு தடவை கழுவினார்.

பைச்சட்டை ஒரு பெரிய கல்லைத் தொட்டுக்கொண்டு, "மனிதக் கையால் இது முடியாது. கல்லுக்கு அது தெரியும்" என்று சொல்கிறார். அப்பா அதைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப அந்த இடத்தையே போடுகிறார். முதல் வரி அப்பாவுக்குப் பிடிக்கும். எனக்கு இரண்டாவது வரியைக் கேட்டால் பயம். சுவர் வழியாக வருகிறது, அத்தை. கல்லுக்கு அது தெரியும். கல்லுக்கு அது தெரியும். போர்வையைக் காதில் அடைத்துக்கொண்டாலும் வருகிறது. ஏன் பயம் என்று கேட்காதீர்கள்.

கல்லுக்கு எப்படித் தெரியும்? நீங்களே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்


ஆகஸ்ட் 30

அன்புள்ள அத்தைக்கு,

ஒரு மாதமாகிவிட்டது. கழுத்துவலி அதிகமா? ஜெராக்ஸ் கடை அக்கா என்னைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்குகிறார். கடிதம் தொலைந்துவிட்டதோ என்று நினைத்து இதை எழுதுகிறேன்.

இங்கே நிலைமை மோசமாகிவிட்டது. விசாரணைக்குத் தேதி வந்துவிட்டது. நவம்பர் 14, காலை பத்தரை. அப்பா போய் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். போகாவிட்டால், ஏற்கனவே எழுதிக் கொடுத்தவர்கள் சொன்னதை வைத்து முடித்துவிடுவார்களாம். எழுதிக் கொடுத்தவர் ஒரே ஒருவர்தான், கை மாமா. அவர் என்ன எழுதிக் கொடுத்தார் தெரியுமா? "நான் சரியாகப் பார்க்காமல் தூக்கச் சொல்லிச் சைகை காட்டிவிட்டேன்" என்று. அது அப்படியே நின்றால் தவறு முழுக்க அவருடையது. காலும் போய்ப் பேரும் போய்விடும். அதற்கப்புறம் எந்த முற்றத்திலும் அவரை வாசல் காவலுக்குக்கூடச் சேர்க்க மாட்டார்கள் என்று அம்மா சொன்னார்.

அப்பா போகப் போவதில்லை. இந்த நிகழ்ச்சியைப் பார்க்கிறவர்கள் ஏழெட்டுப் பேர் வாரம் ஒரு நாள் கூடுகிறார்கள். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்தான் அவர்களுக்குத் தலைவர். உலகத்துக்கே கண் தெரியவில்லை என்பார், அவர் கடையில் மட்டும் ஆள் இல்லாமல் ஈ ஓட்டுகிறார். இரண்டு நாள் தொலைவில் ஒரு பாறை வெளி இருக்கிறதாம். வேற்றுக் கிரகத்திலிருந்து வந்தவர்கள் திரும்ப வருவதாக இருந்தால் அங்கேதான் இறங்குவார்களாம். எல்லோரும் வேனில் போகிறார்கள். ஓட்டப் போவது அப்பா. புறப்படும் நாள் நவம்பர் 14, காலை ஆறு மணி. அப்பாதான் அந்தத் தேதியைச் சொன்னாராம்.

"நீயும் வர்றே" என்றார் என்னிடம்.

"எனக்குப் பரீட்சை இருக்கேப்பா."

"பரீட்சை அடுத்த வருஷமும் வரும். நீ இங்க இருக்க வேண்டாம் அன்னிக்கு."

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, அத்தை. தயவுசெய்து எழுதுங்கள். இரண்டு வரி போதும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்


செப்டம்பர் 9

அன்புள்ள ரேடியோவுக்கு,

கழுத்து பரவாயில்லை. கடிதம் தொலையவில்லை. இரண்டும் என் மேஜை இழுப்பறையில் இருக்கின்றன. பதில் எழுத உட்கார்ந்து ஏழு தடவை எழுந்துவிட்டேன்.

கல்லுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாய். கல்லுக்கு ஒன்றும் தெரியாது. அந்த வரியை எழுதியது நான்.

நடந்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன். பைச்சட்டை தன் மொழியில் சொன்னது இதுதான்: "மனிதக் கையால் இது முடிந்திருக்குமா என்று சிலர் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது." நானும் அப்படியேதான் எழுதிக் கொடுத்தேன். எங்கள் மேலாளர் பேனாவால் அடித்துவிட்டு, "தெரியாதுன்னு கேக்கறதுக்கா ஒருத்தன் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கான்? சேனலை மாத்திருவாம்மா" என்றார். சரி என்று, "மனிதக் கையால் இது முடியாது" என்று சுருக்கினேன். சுருக்கியதால் அந்த ஆளின் வாய் இரண்டு வினாடி சும்மா அசைந்தது. சத்தமில்லாமல் வாய் அசைந்தால் எங்கள் வேலையில் பெரிய குற்றம். அந்த இரண்டு வினாடிக்குள் எதையாவது போட்டாக வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது. "கல்லுக்கு அது தெரியும்" என்று போட்டேன். அளவு கச்சிதமாக இருந்தது. குரல் கொடுக்கிறவர்கூட, "நல்லா இருக்கே" என்றார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த இரண்டு வினாடிதான் உங்கள் வீட்டுச் சுவர் வழியாக உனக்கு வருகிறது. ஒரு மாதம் நான் எழுதாததற்குக் காரணம் வேறொன்றும் இல்லை, வெட்கம்தான்.

உன் அப்பாவிடம் இதை நீ சொல்லலாம். என் பேரோடு சொல்லலாம்.

அத்தை


செப்டம்பர் 21

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போடலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு தோன்றியது, என்னிடம் யாரும் இதுவரை இப்படி ஒரு தப்பை எழுத்தில் ஒப்புக்கொண்டதில்லை. அதனால் பத்திரமாக வைத்திருக்கிறேன். கணக்குப் புத்தகத்தின் அட்டைக்குள் இருக்கிறது.

அப்பாவிடம் உங்கள் பேரைச் சொல்ல முடியாது. நான் எழுதுவது தெரிந்துவிடும். ஆனால் வேறு மாதிரி கேட்டுப் பார்த்தேன்.

"அப்பா, அந்தப் பைச்சட்டை 'எனக்குத் தெரியாது'ன்னு சொல்லியிருந்தா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?"

"சொல்லலையே."

"சொல்லியிருந்தா?"

அவர் சத்தத்தைக் குறைத்தார். "தெரியாதுன்னு டி.வி.யில சொல்லலாம். விசாரணையில சொல்ல முடியாது. தெரிஞ்சதைச் சொல்ற வரைக்கும் விடமாட்டாங்க." அதற்கப்புறம் மறுபடியும் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

நேற்று பள்ளி விட்டதும் கை மாமா வீட்டுக்குப் போனேன். நீங்கள் விசாரிக்கச் சொன்னதைச் சொன்னேன். ஊன்றுகோலை வைத்துக்கொண்டு சமையலறையில் சுற்றிச் சுற்றி வருகிறார். "வா வா, இனிமே எனக்கு ஒரு செருப்பு தொலைஞ்சாலும் கவலையில்ல பாரு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சின்ன வயதில் எனக்கு எல்லாச் சைகையும் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். விரல் மேலே பார்க்க வட்டம் போட்டால் தூக்கு. கீழே பார்க்க வட்டம் போட்டால் மெதுவாக இறக்கு. கிரேன்காரர் ஒரே ஒரு ஆளின் கையைத்தான் பார்க்க வேண்டும், வேறு யார் காட்டினாலும் கணக்கில்லை. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டினால் நிறுத்து. அதை யார் காட்டினாலும், தெருவில் போகிறவர் காட்டினாலும், கிரேன் நின்றாக வேண்டும். அப்புறம்தான் ஏன் என்று கேட்கலாம்.

"மாமா, நீங்க ஏன் அப்படி எழுதிக் குடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேர்ல ஒருத்தனுக்குக் கால் போயாச்சு. இன்னொருத்தனுக்கு வேலையாவது மிஞ்சட்டும்னுதான்."

"ஆனா நீங்க அன்னிக்குக் கையே காட்டலையே, மாமா. குனிஞ்சுதானே இருந்தீங்க."

ஊன்றுகோலின் சத்தம் நின்றுவிட்டது. "நீ அங்க இருந்தியா?" என்றார்.

நான் ஓடி வந்துவிட்டேன். பையைக்கூட அங்கேயே விட்டுவிட்டேன்.

மீதியை இன்று எழுத முடியாது.

அண்ணன் மகள்


அக்டோபர் 2

அன்புள்ள ரேடியோவுக்கு,

பை கிடைத்ததா? தூக்கம் வருகிறதா? நான் சுகம், ஒரு விதத்தில்.

பைச்சட்டையின் புதிய பகுதிகள் வந்திருந்தன. இந்தத் தடவை அவர் "தெரியாது" என்ற இடத்தில் "தெரியாது" என்றே எழுதினேன். "சிலர் சொல்கிறார்கள்" என்ற இடத்தில் "சிலர் சொல்கிறார்கள்". ஒரு பகுதியில் மட்டும் பதினோரு "தெரியாது" வந்தது. அந்த ஆள் பாவம், அவ்வளவு மோசமில்லை. மேலாளர் படித்துவிட்டு, "என்னம்மா இது, ஆளைப் பரீட்சையில உட்கார வெச்ச மாதிரி இருக்கு?" என்றார். நான் மாற்ற மாட்டேன் என்றேன். கத்தினார். திங்கட்கிழமையிலிருந்து எனக்குப் பெங்குவின்கள். பெங்குவின்களுக்கு வாயசைவுத் தொல்லை இல்லை.

உன் கடிதம் நீ ஓடி வந்த இடத்தில் முடிகிறது. நான் கேள்வி கேட்க மாட்டேன். வாய் அசைந்து சத்தம் வராத இடத்தில் எதையாவது போட்டு நிரப்புவது என் பழைய புத்தி. இந்தத் தடவை காலியாகவே விட்டுவிட்டுக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அத்தை


அக்டோபர் 18

அன்புள்ள அத்தைக்கு,

நான் நலம் என்று எழுதத் தொடங்கி இரண்டு தாளைக் கசக்கிவிட்டேன். நலமில்லை.

ஏப்ரலில் அன்றைக்குச் சனிக்கிழமை, அரை நாள் பள்ளி. அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். எப்போதும் தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்கு வெளியேதான் நிற்பேன். எனக்கும் அப்பாவுக்கும் ஒரு விளையாட்டு உண்டு. கொக்கி சும்மா தொங்கும்போது நான் விரலைச் சுற்றித் தூக்கு என்று காட்டுவேன். அப்பா மேலே கூண்டிலிருந்து கொக்கியை ஒரு சாண் தூக்கி இறக்குவார். வணக்கம் சொல்கிற மாதிரி இருக்கும். சட்டப்படி அவர் அதைச் செய்யக் கூடாது. யாரும் பார்க்காதபோதுதான் செய்வார்.

அன்றைக்குக் கல்லின் இந்தப் பக்கம் நின்றேன். கல் என்னைவிட உயரம். கொக்கியில் வடம் மாட்டியிருந்ததை நான் பார்க்கவில்லை. கை மாமா அந்தப் பக்கம் குனிந்து கல்லுக்கு அடியில் இருந்த மரக்கட்டையை உருவிக்கொண்டிருந்ததும் எனக்குத் தெரியாது. மேலே அப்பாவின் முகம் தெரிந்தது. விரலைச் சுற்றினேன்.

கல் ஒரு சாண் எழும்பியது.

நான் சாப்பாட்டுப் பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடிவிட்டேன். கை மாமா கத்தியதை வாசல் தாண்டும்வரை கேட்டேன். அன்றைக்கு நான் முற்றத்துக்கே போகவில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அப்பா இதுவரை என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவர் பார்த்தாரா இல்லையா என்று தெரியாமலே ஆறு மாதம் ஒரே மேஜையில் சாப்பிடுகிறேன்.

அதனால்தான் நான் ரேடியோ என்று கையெழுத்துப் போடவில்லை. அதனால்தான் உங்கள் இரண்டு வினாடியைக் கேட்டுப் பயந்தேன். கல்லுக்குத் தெரியும் என்று நிஜமாகவே நம்பினேன்.

இப்போது உங்களுக்கும் தெரியும்.

உங்கள் அண்ணன் மகள்


அக்டோபர் 26

என் கண்ணுக்கு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. இன்றே எழுதுகிறேன்.

13ஆம் தேதி இரவு ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். 14 காலை ஐந்து மணிக்கு அங்கே இருப்பேன். அண்ணனிடம் நான் பேசுகிறேன். எப்படிச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும், வார்த்தைதானே என் தொழில். விசாரணை அதிகாரிக்கும் நானே எடுத்துச் சொல்கிறேன். நீ ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படி. பரீட்சை எழுது.

அதுவரை நன்றாகத் தூங்கு. யாரிடமும் எதுவும் சொல்லாதே.

அன்புடன்,
அத்தை


நவம்பர் 5

அன்புள்ள அத்தைக்கு,

கழுத்தோடு ராத்திரி ரயிலில் உட்கார்ந்து வர வேண்டாம். டிக்கெட்டை ரத்து செய்யுங்கள்.

கோபமாக எழுதவில்லை. நீங்கள் வருகிறேன் என்றதும் அழுதேன். அன்றைக்குத்தான் ஆறு மாதத்தில் முதல் தடவையாக விடியும்வரை தூங்கினேன். ஆனால் எழுந்ததும் யோசித்தேன். நீங்கள் வந்து சொன்னால் அதுவும் டப்பிங்தான். வாய் என்னுடையது, குரல் உங்களுடையது. கை மாமா எனக்கும் அப்பாவுக்கும் சேர்த்து ஏற்கனவே ஒரு டப்பிங் செய்துவிட்டார். அதுவே போதும்.

கையைச் சுற்றியது நான். நானே சொல்கிறேன். எப்படி என்று இன்னும் தெரியவில்லை. இரண்டு தடவை அப்பாவின் நாற்காலிவரை போய்விட்டுத் தண்ணீர் குடிக்க வந்ததாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

பெங்குவின்களுக்கு என் அன்பு.

அண்ணன் மகள்


நவம்பர் 14

அன்புள்ள அத்தைக்கு,

இதைப் பகலில் எழுதுகிறேன். டார்ச் இல்லை, போர்வை இல்லை. ஆறரை மணி பஸ் பிடித்து மூன்று மணி நேரம் வந்து, விசாரணை அலுவலகத்து வராந்தாவில் ஒரு மர பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் அப்பா. அவர் பக்கத்தில் அம்மா, தலையெல்லாம் மாவு. மணி பத்தேகால். அதற்குள் எவ்வளவு எழுத முடிகிறதோ அவ்வளவு எழுதுகிறேன்.

ஒன்பது நாளும் நான் சொல்லவில்லை. இன்று காலை ஆறு மணிக்கு வேன் எங்கள் வாசலில் நின்றது. உள்ளே கண்ணாடிக் கடைக்காரரும் மற்றவர்களும் பிளாஸ்க், பைனாகுலர், போர்வை எல்லாவற்றோடும் இருந்தார்கள். அப்பா ஓட்டுநர் இருக்கையில். நான் பின்னால் பையோடு. அம்மா ஷிப்டு முடிந்து வந்திருக்கவில்லை. வேன் நகரும்போது, "கேட்டைச் சாத்தலை" என்று சொல்லி இறங்கினேன். சாத்தினேன். திரும்பி வந்து வேனில் ஏறாமல், நேராக அதன் முன்னால் போய் நின்றேன். இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டினேன்.

அப்பா பிரேக்கை மிதித்த வேகத்தில் பிளாஸ்க் எல்லாம் உருண்டன. யோசித்து மிதிக்கவில்லை, அத்தை. பதினெட்டு வருஷத்துக் கால், அதுவாகவே மிதித்தது.

"என்னம்மா இது? நகரு" என்று இறங்கி வந்தார்.

"நிறுத்து யார் வேணா காட்டலாம். காட்டினா நின்னாகணும்."

"நின்னாச்சு. என்ன இப்போ?"

"அன்னிக்கு விரலைச் சுத்தினது நான்."

அப்பா சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார்.

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"உன் விரலைப் பார்த்துத்தானே தூக்கினேன்! வேற எப்போலேர்ந்து?" வேனைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அங்க போனா யார் கையைப் பார்த்தேன்னு கேப்பாங்க. ஒன்பதாவது படிக்கிற பிள்ளை பேரை நான் அங்க எப்படிம்மா சொல்வேன்? இல்லாத கையைச் சொல்லலாமா? அதான் எந்தக் கையுமே இல்லாமத் தூக்கினவங்களைத் தேடிக்கிட்டுப் போறேன்."

"கை மாமா கையைச் சொல்லிட்டாங்களே, அப்பா. அவங்கதான் இல்லாத கையைச் சொல்லியிருக்காங்க."

அவர் வேனின் மூக்கில் சாய்ந்துகொண்டார். "அவன் கையைப் பார்க்க வேண்டிய நேரத்துல உன் கையைப் பார்த்தேன். அது என் தப்பு. உன்னுது இல்ல" என்றார்.

"அப்போ உங்களுதை நீங்க சொல்லுங்க. என்னுதை நான் சொல்றேன்."

கண்ணாடிக் கடைக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். பிரேக் போட்டதில் அவர் கண்ணாடி ஒரு காதில் தொங்கியது. "என்ன, நேரமாச்சே? போலாமா?" என்றார்.

அப்பா சாவியை நீட்டினார். "நான் வரலை. வண்டி ஓட்டத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாதே" என்றார் அவர்.

அப்பா சிரித்தார், அத்தை! ஏப்ரலுக்குப் பிறகு முதல் சிரிப்பு. "இத்தனை மாசத்துல இப்பத்தான் ஒருத்தர் வாயில இருந்து அந்த வார்த்தையைக் கேக்கறேன்" என்றார். நான் அந்த இடத்திலேயே உங்களைப் பற்றியும், பைச்சட்டை நிஜத்தில் சொன்னதைப் பற்றியும், கணக்குப் புத்தகத்து அட்டையைப் பற்றியும் சொல்லிவிட்டேன். நிறுத்தாமல் சொன்னேன். முடித்ததும் அப்பா, "ரேடியோ ரிப்பேர் ஆயிடுச்சுன்னுல்ல நினைச்சேன்" என்றார். உங்களிடம் அவர் பேச வேண்டுமாம். அந்த இரண்டு வினாடிக்காகத் திட்டப் போகிறாராம். திட்டி முடித்த பிறகு கழுத்தை விசாரிப்பார் என்று நினைக்கிறேன்.

தெருமுனையில் அம்மா வந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்து ஒரு நிமிடம் நின்றார். யாரும் எதுவும் சொல்வதற்குள், "முகம் கழுவ நேரம் இருக்கா, அப்படியே வரணுமா?" என்று மட்டும் கேட்டார்.

எதிர் பெஞ்சில் கை மாமா உட்கார்ந்திருக்கிறார். இருக்கிற ஒற்றைச் செருப்பைத் துடைத்துப் பளபளவென்று போட்டு வந்திருக்கிறார். நாங்கள் வந்ததும் முதலில் அப்பாவைப் பார்த்தார், பிறகு என்னை. இப்போது, நான் அவசர அவசரமாக எழுதுவது அங்கிருந்தே தெரிகிறது போல, விரலைக் கீழே காட்டி ரொம்ப மெதுவாக வட்டம் போடுகிறார். மெதுவாக இறக்கு.

பயம் போகவில்லை, அத்தை. அது பாட்டுக்கு இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

கதவு திறந்துவிட்டது. ஒருவர் தாளைப் பார்த்துக்கொண்டு, யார் முதலில் வருகிறீர்கள் என்று கேட்கிறார். அப்பா எழுந்திருக்கிறார்.

அவருக்கு முன்னால் நான் கையைத் தூக்கிவிட்டேன்.

இப்படிக்கு,
ரேடியோ